ஆறாத புண்ணின் வரலாறு

சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் என்பார் 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராகப் பதவி வகித்தவர். தாயகம் திரும்பிய பின்னர், 1859ஆம் ஆண்டில், இந்நாட்டைப் பற்றி இரண்டு பெருந் தொகுதிகளை இலண்டனில் வெளியிட்டார். யானை, முத்துக் குளிப்பு, பாழடைந்த நகரங்கள், குளங்கள் என அவர் தொடாத பொருள் இல்லை. வெற்றிலை தின்னும் வழக்கத்தைப் பற்றியும் எழுதுகிறார். அவ்விடத்தில் ஒரு சிறு குறிப்பு வருகிறது. கொழும்பில் வைத்தியராயிருந்த எலியட் என்பவர், கன்னத்தினுள்ளே தோன்றும் புற்றுநோய்கள் பலவற்றைக் கண்டிருக்கிறாராம். அவற்றின் தனித்தன்மையை நோக்கி, அவற்றை வெற்றிலை தின்போர் புற்றுநோய் என்றே அழைக்கலாம் எனக் கருதுகிறாராம். இவ்வளவுதான் குறிப்பு.

ஆண்டைக் கவனியுங்கள். ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டது 1867இல். இறப்பர் நாற்றுகள் ஹெனரத்கொடைக்கு வந்து சேர்ந்தது 1876இல். சபரகமுவ தனி மாகாணமானது 1889இல். அதாவது, எங்கள் மலைச்சரிவுகளில் இன்று நிற்கும் தேயிலைக்கும் இறப்பருக்கும் முன்பே, அவற்றிடையே உழைத்த மக்களின் நோய்க்குப் பெயர் வைத்தாகிவிட்டது. பெயர் வைத்தவர் எளிய மனிதருமல்லர். கிறிஸ்டோபர் எலியட் ஒரு பத்திரிகையின் ஆசிரியராகவும் இருந்தவர். இந்நாட்டின் குடிசார் வைத்திய சேவைக்கு முதல் தலைவராக அமர்த்தப்பட்டவர்.

நான் விஞ்ஞானம் கற்றவனல்லன். வரலாற்றுப் பாடம் கற்பித்தே தலை நரைத்தவன். ஆயினும் ஒரு கேள்வி நெடுங்காலமாக என் மனத்தை உறுத்திவந்தது. வாயில் வந்த புண் ஏன் புற்றாக வேண்டும்? புண் என்றால் ஆறவேண்டியதுதானே? அந்தக் கேள்விக்கு உலகம் விடைகண்ட வரலாற்றையும், அவ்விடை எங்கள் லயத்து வாசலுக்கு வந்துசேர எடுத்துக்கொண்ட காலத்தையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் பாக்கைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களை அறிந்தவர்களுக்குக் கமுகு புதிய மரமன்று. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் இந்த ஈரமான தென்மேற்கு நிலத்துப் பாக்கு கரைக்கு வந்து, அங்கிருந்து சோழமண்டலக் கரைக்குக் கப்பலேறிற்று. மறுதலையாக அங்கிருந்து அரிசியும் துணியும் வந்தன. கறுவாவையும் யானையையும் பற்றிப் பாடநூல்கள் விரிவாகப் பேசும். பாக்கைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளும். இது எனக்கு எப்போதும் ஒரு குறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதே தமிழகத்தின் உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து எங்கள் முன்னோர் கங்காணிகளின் பின்னே இங்கு வந்தபோது, அவர்களுடைய மடியில் வெற்றிலைப் பை இருந்தது. ஊரில் விலைகொடுத்து வாங்கிய பாக்கு இங்கே வீட்டுக் கொல்லையில் விழுந்து கிடந்தது.

தோட்டத்தில் ஏன் இத்தனை பேர் வெற்றிலை போட்டார்கள் என்று வெளியூரார் கேட்பதுண்டு. கொழுந்து பறிப்பவளுக்கு இரண்டு கைகளும் வேலையில் இருக்கின்றன. பால் வெட்டுகிறவனுக்கும் அப்படியே. சுருட்டுக்கும் தேநீர்க் கோப்பைக்கும் கை வேண்டும். வாயில் ஒதுக்கிய வெற்றிலைக்குக் கை வேண்டியதில்லை. விடியற் குளிரில் அது உடம்புக்குச் சூடு தரும், பசியை மந்தப்படுத்தும், தூக்கத்தைத் துரத்தும். அட்டைக்கடிக்குத் தடவச் சுண்ணாம்பும் அதே பையில் இருக்கும். வேலை கடினமாக இருந்த இடத்தில் இந்த வழக்கம் வேரூன்றியதில் வியப்பில்லை. அதைக் குற்றமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை.

என் அப்பாயி கேகாலை மாவட்டத்துத் தோட்டமொன்றில் நாற்பது ஆண்டுகள் உழைத்தவர். கடைசிக் காலத்தில் அவருக்குக் குழம்பு ஒத்துக்கொள்ளவில்லை. சற்று உறைப்பு பட்டாலும் வாய் தீப்போல எரியும் என்பார். பிறகு கன்னம் பலகைபோல் இறுகிற்று. மூன்று விரல் நுழையவேண்டிய வாயில் ஒரு விரலே நுழைந்தது. உடம்புச் சூடு என்றார்கள், வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார்கள், திருநீறு பூசினார்கள். கன்னத்தில் ஒரு வெண்மையான திட்டு இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது. அது சுண்ணாம்புக் கறை என்று நினைத்தேன். பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது கழுத்தில் கட்டி வந்துவிட்டது. 1981ஆம் ஆண்டில் அவர் இறந்தார்.

டெனன்ட் நூல் வெளியாகி அப்போது 122 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த இடைக்காலத்தில் தோட்டத்து வைத்தியம் முற்றிலும் உறங்கிக்கிடக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்காக 1872ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிதியத்தார் கொக்கிப்புழுவை ஒழிக்கும் இயக்கத்தைத் தோட்டங்களில் தொடங்கினர். வாந்திபேதி, பெரியம்மை, கொக்கிப்புழு ஆகியன வேலை செய்யும் வயதினரை வீழ்த்தும் நோய்கள். செக்ரோலில் பேர் குறைந்தால் துரையின் கண்ணில் படும். வாய்ப்புற்றோ ஐம்பது, அறுபது வயதில், பேர் வெட்டப்பட்டு லயத்துத் திண்ணையில் உட்கார்ந்துவிட்ட கிழவர் கிழவியரைத் தேடி வருவது. அவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லாதவர்கள். கணக்கில் இல்லாதவர்களின் நோய் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

கடலுக்கு அப்பால் நிலைமை சிறிது வேறு. மதராஸில் நிப்லொக் என்னும் சத்திர சிகிச்சையாளர் 1902இல் இந்தியாவின் புற்றுநோயைப் பற்றி எழுதினார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலிருக்கும் நெய்யூரில் கிறிஸ்தவ மிஷன் வைத்தியசாலை ஒன்று இருந்தது. அங்கு பணியாற்றிய பெல்ஸ் என்பவர், தாம் செய்த 209 வாய்ப்புற்றுச் சத்திர சிகிச்சைகளை ஆராய்ந்து 1908இல் கட்டுரை வெளியிட்டார். அதே நெய்யூரில் ஓர் என்பவர் 1933இல் வெற்றிலை தின்போரையும் அவர்களுடைய வாய்ப்புற்றையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். எந்தக் கன்னத்தில் வெற்றிலையை ஒதுக்குகிறார்களோ அந்தக் கன்னத்தில்தான் புண் என்பது இவ்வாறு பலமுறை காணப்பட்டது. எனினும் ஏன் என்பது தெரியவில்லை.

ஏன் என்னும் கேள்விக்கு வேறொரு நாட்டில் ஒருவர் ஏற்கெனவே ஒரு விடையை ஊகித்திருந்தார். பேர்லின் நகரத்து றுடொல்ப் விர்ச்சோ, டெனன்ட் நூல் வெளியான நான்காம் ஆண்டில், அதாவது 1863இல், நாட்பட்ட அழற்சி இருக்கும் இடங்களில் புற்று தோன்றுகிறது என்றார். புற்றுக் கட்டிகளுக்குள்ளே வெள்ளணுக்கள் குழுமியிருப்பதை உருப்பெருக்குக் கண்ணாடியில் அவர் கண்டிருந்தார். அழற்சி என்பது பழைய சொல். சிவத்தல், வீங்குதல், சுடுதல், நோதல் என்று அதன் நான்கு குறிகளைக் கிறிஸ்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டிலேயே உரோமாபுரியில் செல்சஸ் எழுதிவைத்திருக்கிறார். காயம்பட்ட இடத்தை உடம்பு தானே திருத்திக்கொள்ளும் முறை அது. நன்மை செய்யவந்த முறையே நோயை வளர்க்கும் என்பது அக்காலத்தாருக்கு நம்பத்தக்கதாக இல்லை. விர்ச்சோவின் கருத்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓரத்தில் கிடந்தது.

அது மீண்டும் மேடைக்கு வந்த விதத்தை விளக்க, எங்கள் தோட்டத்து உவமை ஒன்று போதும். முற்காலத்தில் விடியுமுன்னே தப்படித்து ஆட்களைப் பிரட்டுக்கு அழைப்பார்கள். தப்புச் சத்தம் ஒவ்வொரு லயத்துக்கும் சென்று, இன்னார் இங்கே வரவேண்டும், வேலை இருக்கிறது என்று அறிவிக்கும். உடம்பிலும் அவ்வாறே. ஓரிடத்தில் காயம் பட்டால், அங்குள்ள உயிரணுக்கள் மிக நுண்ணிய புரதங்களைச் சுரந்து அக்கம்பக்கத்துக்கு அனுப்புகின்றன. அவற்றுக்குச் சைட்டோகைன் என்று பெயர். அவை இரத்தக் குழாய்களைத் திறக்கச் சொல்லும், வெள்ளணுக்களை அழைக்கும், புதிய தோல் வளர உயிரணுக்களைப் பெருகச் சொல்லும், நார் நெய்து இடைவெளியை மூடச் சொல்லும். காயம் மூடியதும் தப்பு நிற்கவேண்டும். ஆட்கள் கலையவேண்டும்.

இப்புரதங்கள் ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்டது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அவற்றுள் ஒன்றின் கதை மிகச் சுவையானது. 1975ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் லொயிட் ஓல்டும் அவருடைய குழுவினரும், எலிகளின் கட்டியை அழுகச் செய்யும் ஒரு பொருளைக் கண்டு, கட்டியை அழிக்கும் காரணி என்னும் பொருள்படப் பெயரிட்டனர். புற்றுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று பலர் மகிழ்ந்தனர். இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, 1999இல், இலண்டனில் பிரான்சிஸ் போல்க்வில் என்னும் அம்மையாரின் ஆய்வுக் குழு, அந்தப் பொருளே சுரக்காத எலிகளைத் தேர்ந்து, அவற்றின் தோலில் புற்றை உண்டாக்கும் இரசாயனத்தைத் தடவிப் பார்த்தது. கட்டிகள் எளிதில் வரவில்லை! அழிப்பான் என்று பெயர் சூட்டப்பட்டது, சிறிய அளவில் நெடுங்காலம் சுரந்துகொண்டிருந்தால், வளர்ப்பானாக மாறுகிறது. பெயரை நம்பி ஏமாறக்கூடாது என்பதற்கு வரலாற்று மாணவர்களுக்கு நான் இப்போதும் இதைத்தான் எடுத்துக்காட்டுகிறேன்.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையில், 1986இல், அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்து வைத்திய அறிஞர் ஹரோல்ட் டுவோராக் ஒரு கட்டுரை எழுதினார். புற்றுக் கட்டிகள் யாவை? ஆறாத புண்கள். இதுவே அவர் சொன்னது. புண் ஆறுவதற்காக உடம்பு செய்யும் அத்தனை ஏற்பாடுகளையும் கட்டி தனக்காகக் கைப்பற்றிக்கொள்கிறது. அங்கே தப்பு நிற்பதேயில்லை. 2001இல் போல்க்வில் அம்மையாரும் இத்தாலியரான அல்பேர்ட்டோ மந்தோவானியும் சேர்ந்து, விர்ச்சோவிடம் நாம் திரும்பிச் செல்கிறோமா என்று ஒரு கட்டுரைக்குத் தலைப்பிட்டே கேட்டனர். 2011இல் புற்றின் பொது இலக்கணங்களைத் தொகுத்த ஹனஹானும் வைன்பேர்க்கும், கட்டியை ஊக்குவிக்கும் அழற்சிக்கு அப்பட்டியலில் இடம் கொடுத்தனர்.

இனி அப்பாயியின் கன்னத்துக்குத் திரும்புவோம். பாக்கின் சிராய்ப்பு கன்னத்தின் உட்தோலை நாள்தோறும் அராவுகிறது. பாக்கிலுள்ள அரிக்கோலின் முதலிய பொருள்கள் அதனுள் இறங்குகின்றன. சுண்ணாம்பு காரத்தை ஏற்றுகிறது. அந்தக் காரத்தில் பாக்கின் துவர்ப்புப் பொருள்கள் உயிரணுவின் மரபுப் பொருளைப் பழுதாக்கவல்ல வீரியமிக்க ஒட்சிசன் வடிவங்களைப் பிறப்பிக்கின்றன. புகையிலை சேர்ந்தால் அதனுடைய நச்சுகளும் கூடும். அராவப்பட்ட தோல் தப்படிக்கிறது; இன்டர்லூக்கின்-6 முதலிய சைட்டோகைன்கள் சுரக்கின்றன. ஒரு நாள் புண்ணாயிருந்தால் இரவுக்குள் அடங்கியிருக்கும். ஆனால் மறுநாட் காலையில் அடுத்த வெற்றிலை வருகிறது. நாற்பது ஆண்டுகள் வருகிறது. நார் நெய்யச் சொல்லும் கட்டளை ஓயாததால் கன்னம் இறுகுகிறது. வாய் திறக்க முடியாத அந்நிலையை, கிழக்கு ஆபிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் கண்டு 1952இல் ஸ்வார்ட்ஸ் என்னும் வைத்தியர் முதன்முதலாக மருத்துவ உலகுக்கு விவரித்தார். பெருகச் சொல்லும் கட்டளையும் ஓயாததால், பழுதுபட்ட உயிரணுக்களும் நல்லவற்றோடு சேர்ந்து பெருகுகின்றன. அவற்றுள் ஒன்று ஒருநாள் எவர் சொல்லையும் கேளாததாகிவிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அழற்சி ஒன்றே புற்றை விதைக்கிறது என்று கொள்ளலாகாது. விதை, மரபுப் பொருளின் பழுது. நிலத்தை உழுது நீர் பாய்ச்சுவது அழற்சி. அதனால்தான் அழற்சியை அடக்கும் மருந்து புற்றைத் தீர்த்துவிடும் என்று அவசரப்படுவதும் தவறு. 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இருதய நோயாளருக்கு, இன்டர்லூக்கின்-1 வகைச் சைட்டோகைன் ஒன்றைத் தடுக்கும் மருந்து கொடுத்துப் பார்த்தபோது, எதிர்பாராத விதமாக நுரையீரற் புற்று குறைவாகக் காணப்பட்டது. எங்கும் பெரும் நம்பிக்கை. பின்னர் ஏற்கெனவே நுரையீரற் புற்று கண்டவர்களுக்கு அதே மருந்தைச் சிகிச்சையாகக் கொடுத்தபோது எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. முற்றிப்போன புற்றில் தப்பை நிறுத்துவது பயன்படவில்லை. முற்றாத காலத்தில் நிறுத்தினால் பயனுண்டு போலும் என்று நான் விளங்கிக்கொள்கிறேன். வைத்தியர்கள் என் விளக்கத்தைத் திருத்தினால் ஏற்றுக்கொள்வேன்.

முற்றாத காலம் என்று ஒன்று இருக்கிறது என்பதே எங்கள் மக்களுக்கு இந்த வரலாறு தரும் பெரிய செய்தி. வாய்ப்புற்று பெரும்பாலும் திடீரென்று வருவதன்று. வெண்திட்டாக, செந்திட்டாக, எரிச்சலாக, இறுக்கமாகப் பல ஆண்டுகள் காத்திருக்கிறது. வயிற்றில் இருப்பதைக் காண இயந்திரம் வேண்டும். கன்னத்தில் இருப்பதைக் காண வெயிலும் ஒரு கண்ணாடியும் போதும்.

இதை முதலிற் பெரிய அளவில் மெய்ப்பித்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று என்பதை நம்மிற் பலர் அறியார். பேராசிரியர் சமன் வர்ணகுலசூரியவும் அவருடைய துணைவர்களும், வைத்தியரல்லாத சாதாரண சுகாதார ஊழியர்களுக்கு வாயைப் பார்க்கும் பயிற்சி கொடுத்து, ஓராண்டில் கிராமத்தவர் 28,295 பேரைப் பார்வையிடச் செய்தனர். 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் முடிவு வெளியாயிற்று. 1,220 பேரிடம் கவனிக்கவேண்டிய குறிகள் இருந்தன. ஊழியர்களின் கண் பெரும்பாலும் பிழைக்கவில்லை. ஆனால் மேற்பரிசோதனைக்கு வரச் சொன்னவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேரே வந்தார்கள். பின்னர் கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்தில், ஏறக்குறைய 1,90,000 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2005இல் வெளியானபோது, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே இவ்வாறு வாயைப் பார்த்துவந்ததனால் வாய்ப்புற்று மரணம் மூன்றிலொரு பங்கு குறைந்ததென்பது உறுதியாயிற்று.

எங்கள் சபரகமுவ மாகாணத்திலும் 2006, 2007ஆம் ஆண்டுகளில் வைத்தியர் ஹேமந்த அமரசிங்கவின் குழுவினர் முப்பது வயதுக்கு மேற்பட்ட 1,029 பேரை ஆராய்ந்தனர். புற்றாக மாறக்கூடிய வாய்க் குறிகள் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல் இருந்தன. புகையிலை சேர்க்காத வெற்றிலையும் தீங்கு செய்கிறது என்பது அவர்களுடைய ஆய்விலும் தெளிவாயிற்று. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் 1985இல் புகையிலை சேர்ந்த வெற்றிலையை மட்டுமே குற்றஞ்சாட்டியது. 2003இல் கூடிய நிபுணர் குழுவே புகையிலையில்லாத வெற்றிலையும் பாக்கும் புற்றை உண்டாக்குவன என்று தீர்த்தது. நான் புகையிலை போடுவதில்லையே என்று ஆறுதல் கொள்ளும் தாய்மார் இதைக் கேட்கவேண்டும்.

அந்தச் சபரகமுவ ஆய்வில் என்னை உலுக்கியது வேறொரு கணக்கு. வாய்ப்புற்று என்று ஒரு நோய் உண்டென்பதை நூற்றுக்கு 84 பேர் அறிந்திருந்தனர். அதற்கு முன்னே ஒரு நிலை உண்டென்பதை அறிந்தவர் 23 பேரே. மரணத்தை அறிந்திருக்கிறோம், மரணத்துக்கு முந்திய பல ஆண்டுகளை அறியவில்லை. மென்று பயன்படுத்தும் புகையிலைப் பொருள்களின் விற்பனையை 2016இல் அரசாங்கம் வர்த்தமானி மூலம் தடைசெய்தது. நல்லது. ஆனால் கொல்லையில் விழும் பாக்கை எந்த வர்த்தமானியும் தடுக்கமுடியாது.

வரச் சொல்லியும் பாதிப்பேர் ஏன் வரவில்லை என்பதற்கு என் தோட்டத்து அனுபவம் ஒரு விடை சொல்லும். வைத்தியசாலைக்குப் போனால் அன்றைய பேர் விழாது. துணைக்குப் போகிறவளுக்கும் விழாது. பேருந்துச் செலவு வேறு. வலியில்லாத வெண்திட்டுக்காக இரண்டு நாட் கூலியை இழக்க யாருக்கு மனம் வரும்? வலி வரும்போது போகலாம் என்பார்கள். இந்த நோயில் வலி வருவது பெரும்பாலும் காலங்கடந்த பின்.

சென்ற தவணையில் எங்கள் பாடசாலைப் பெற்றோர் கூட்டத்தன்று ஒரு பல் வைத்தியரை அழைத்திருந்தோம். மண்டபத்தின் சன்னலோரம் ஒரு நாற்காலி போட்டு, வெயிலைப் பார்த்து ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். மூன்று விரலை அடுக்கி வாய்க்குள் நுழைத்துப் பார்க்கச் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்களில் சிலர் சிரிக்கவில்லை. வரிசையில் நின்ற ஒரு பாட்டியார், தம் முறை வந்ததும் இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்துப் பேத்தியிடம் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பிவந்து பையை வாங்கிக்கொண்டார். பாக்குவெட்டியை மட்டும் எடுத்துப் பிள்ளையிடமே விட்டார். அவருடைய இடது கன்னத்தில் ஒரு திட்டு இருக்கிறது. இரண்டு வாரத்தில் வரும்படி சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். துணைக்குப் போகவேண்டிய மகளுக்கு அன்று கொழுந்து நாள். பேர் விழுவதைப் பற்றிக் கணக்கப்பிள்ளையிடம் பேச, திங்கட்கிழமை நானே தோட்டத்துக்குப் போகிறேன்.